ஒளியால் சேகரித்த உயிர்கள்

லண்டன் மாநகரின் தென் கென்சிங்டன் பகுதியில், ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்து, 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை, வெளித் தோற்றத்தில் ஒரு பெரிய தேவாலயத்தையே ஒத்தது. அதன் சுவர்களைப் போர்த்திருக்கும் சுடுமண் பலகைகளில் விலங்குகளும் பறவைகளும் மீன்களும் உருக்கொண்டிருக்கின்றன. இன்றும் உலகில் வாழும் ஜீவராசிகள் மேற்குச் சிறகிலும், பூமியிலிருந்து அற்றுப்போனவை கிழக்குச் சிறகிலுமாக, அக்காட்சிசாலை தனக்கென ஒரு கட்டடம் பெறுவதற்குப் பல்லாண்டுகள் வாதாடிய ரிச்சர்ட் ஓவன் என்ற விஞ்ஞானியின் விருப்பப்படி, அவை பிரித்து அமைக்கப்பட்டன. அக்காட்சிசாலையின் கூடங்களிலும் பண்டகசாலைகளிலுமாக இன்று சேர்ந்திருக்கும் மாதிரிகள் ஏறத்தாழ 8 கோடி. தோலாகவும் எலும்பாகவும், ஊசியில் குத்திய வண்டாகவும், சாராயத்தில் ஊறிய பாம்பாகவும் இருக்கும் அந்தச் சேகரத்தில், தொல்லுயிர்ச் சின்னங்களும் கனிப்பொருள்களும் நீங்கலாக, பெரும்பான்மையானவை உயிர் போக்கிக் கொண்டுவரப்பட்டவை.

அதே கட்டடத்தினுள், ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஒரு கூடத்தை இருளாக்கி, அதில் நூறு படங்களை மட்டும் பின்னிருந்து ஒளியூட்டி நிறுத்துகிறார்கள். ‘வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’ என்ற உலகப் போட்டியில் பரிசும் பாராட்டும் பெற்ற படங்கள் அவை. அக்கூடத்தில் தோலும் இல்லை, எலும்பும் இல்லை. படத்தில் காணும் புலியும் பறவையும் மீனும், படம் எடுக்கப்பட்ட மறுகணம் தம் வழியே சென்றுவிட்டவை. இரண்டு வழக்கங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன: ஒன்று உயிரைக் கொண்டு வந்து அறிவைச் சேர்த்தது, மற்றொன்று உயிரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு அறிவைச் சேர்ப்பது. முன்னதிலிருந்து பின்னது பிறந்து வளர்ந்த வரலாற்றை அறிந்து அந்தக் கூடத்துக்குள் நுழைபவருக்கு, ஒவ்வொரு படமும் அழகிய காட்சி என்பதற்கும் மேலான ஒரு சாட்சியமாகத் தோன்றும் என்பது என் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்கையை ஆராயப் புறப்பட்டவருக்குத் துப்பாக்கி இன்றியமையாத ஒரு கருவியாக இருந்தது. நல்ல தொலைநோக்குக் கண்ணாடி இல்லாத காலத்தில், மரக் கிளையில் அமர்ந்த ஒரு சிறு பறவை இன்ன இனம் என்று நிச்சயிக்க அதைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றே பெரிய அறிஞர்களும் கருதினர். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் வேட்டையாடிய பிரெடரிக் கோர்ட்னி செலஸ் என்பவர் இக்காட்சிசாலைக்குப் பல மாதிரிகளைச் சேர்த்துக் கொடுத்தார். முதல் உலக யுத்தத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர் மாண்ட பிறகு, 1920-ஆம் ஆண்டில், கையில் துப்பாக்கியுடன் கூடிய அவருடைய வெண்கல அரையுருவம் இங்கே நிறுவப்பட்டது. ஜீவராசிகளின் அறிவுக்கோயிலில் ஒரு வேட்டைக்காரருக்குச் சிலை வைப்பது அக்காலத்தாருக்கு முரண்பாடாகப் படவில்லை. அவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விலங்கியலின் அடிப்படையான வகைப்பாடு பெரும்பாலும் அவர்கள் சேர்த்த மாதிரிகளின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த அறிவுக்குக் கொடுத்த விலை எத்தகையது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1839-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அந்தப் புதிய கலை துப்பாக்கிக்கு மாற்றாகும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. ஒளியை வாங்கிக்கொள்ளத் தகட்டுக்கு நிமிஷக் கணக்கில் நேரம் பிடித்தது. மனிதர்களையே கழுத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து அசையாமல் இருத்த வேண்டியிருந்தது. எனவே முதல் விலங்குப் படங்கள் காட்டிலே பிறக்கவில்லை; கூண்டிலே பிறந்தன. வெள்ளை நைல் நதியில் பிடிபட்டு, எகிப்திய ஆட்சியாளரின் வெகுமதியாக 1850-இல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்த ஒபேஷ் என்ற நீர்யானையை, 1852-இல் மான்டிசோன் பிரபு படமெடுத்தார். கரையோரத்தில் அது படுத்துறங்க, கம்பிகளுக்கு அப்பால் மக்கள் நின்று பார்க்கும் காட்சி அது. விலங்கு உறங்கியதனால்தான் படம் கிடைத்தது என்றே சொல்லலாம்.

அதே மிருகக்காட்சி சாலையில் பிராங்க் ஹேஸ், பிரெடரிக் யார்க் என்ற இருவர் 1860-களிலும் 1870-ஐ ஒட்டியும் எடுத்த சில படங்கள் இன்னும் முக்கியமானவை. தென் ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் ஒருகாலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த குவாகா என்ற வரிக்குதிரை இனம், தலையிலும் கழுத்திலும் முன்னுடலிலும் மட்டும் வரிகளும், பின்னுடலில் வரியற்ற பழுப்பு நிறமும் கொண்டது. தோலுக்காகவும், மேய்ச்சல் நிலத்தை ஆடுமாடுகளுக்கு ஒழித்துக் கொடுப்பதற்காகவும் அது கொன்று தீர்க்கப்பட்டது. கடைசிக் குவாகா 1883-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கூண்டில் இறந்தது. உயிரோடிருந்த குவாகாவின் புகைப்படங்கள் என்று உலகில் எஞ்சியிருப்பவை ஐந்து. ஐந்தும் லண்டனில் இருந்த ஒரே பெண் குவாகாவின் படங்கள். அவற்றை எடுத்தவர்கள் ஓர் இனத்தின் இறுதிச் சாசனத்தை எழுதுகிறோம் என்று அறிந்து எடுக்கவில்லை. மண் தரையில், சுவரோரம், பக்கவாட்டில் நிற்கும் அந்த விலங்கை இன்று பார்க்கும் நமக்கோ அது வேறொன்றாகப் படுவதில்லை.

1871-இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற வைத்தியர் உலர்ந்த தகட்டுக்கான வழியைக் கண்டதும் நிலைமை மாறத் தொடங்கியது. அதற்கு முன்பு இருந்த ஈரத் தகட்டை எடுக்க வேண்டிய இடத்திலேயே பூசி, ஈரம் காயுமுன் கழுவியாக வேண்டும். ஆகவே புகைப்படக்காரர் சென்ற இடமெல்லாம் ஓர் இருட்டுக் கூடாரமும் உடன் சென்றது. உலர் தகடு அந்தச் சுமையை நீக்கியதோடு, சில ஆண்டுகளிலேயே கணத்தின் சிறு பின்னத்தில் படமெடுக்கும் வேகத்தையும் தந்தது. எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர், 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓடுபாதையின் குறுக்கே நூல்களைக் கட்டி, பாய்ந்து வரும் குதிரையே அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து வரிசையாக வைத்த காமிராக்களை இயக்கும்படி செய்தார். நான்கு குளம்புகளும் ஒருசேர நிலத்தை விட்டு எழும் கணம் உண்டு என்பது அதனால் நிரூபணமாயிற்று. தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் விலங்கு என்ற கருத்து அந்த நூல்களில் முதன்முதலாகத் தோன்றியது. அதன் பலனைப் பின்னர் காடுகள் கண்டன.

கூண்டையும் ஓடுபாதையையும் விட்டுக் காட்டுக்கும் மேட்டுக்கும் காமிராவைக் கொண்டு சென்றவர்களில் ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்ற சகோதரர்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் எளிய குடும்பத்தில் பிறந்து, லண்டனில் ஒரு பிரசுராலயத்தில் வேலை பார்த்த அவ்விருவரும், 1892-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஒரு பாடும் பறவையின் கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்தனர். அந்தச் சிறு முயற்சியிலிருந்து, பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றி 1895-இல் அவர்கள் வெளியிட்ட நூல் விளைந்தது. இயற்கை நூல் ஒன்று, ஓவியரின் கைவண்ணமின்றி, இருந்த இடத்தில் எடுத்த புகைப்படங்களாலேயே நிறைவு பெற்றது அதில்தான்.

பறவை மனிதனைக் கண்டு அஞ்சும், மாட்டைக் கண்டு அஞ்சாது என்ற உண்மையை அச்சகோதரர்கள் பயன்படுத்திக்கொண்ட விதம் அக்கலையின் சரித்திரத்தில் என்றும் நினைக்கத்தக்கது. ரோலண்ட் வார்டு என்ற புகழ்பெற்ற பாடக்காரரிடம், அதாவது விலங்குத் தோலில் உருவம் பாடம் செய்பவரிடம், ஒரு முழு மாட்டின் தோலைக் கொடுத்து, உள்ளே மரச் சட்டம் பூட்டி, ஓர் ஆள் நுழைந்து நிற்கும்படி வெற்றிடமாக்கி வாங்கினார்கள். மாட்டின் மார்பில் ஒரு துளை. அந்தத் துளையில் லென்ஸ். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து ஒரு கால் ஊனமுற்றிருந்த ரிச்சர்ட், அந்த மாட்டின் வயிற்றினுள் குனிந்து நின்றவாறு, புல்தரையில் கூடு கட்டிய சிறு பறவை தன் அச்சம் தெளிந்து திரும்பி வந்து முட்டைமேல் அமரும் வரை காத்திருப்பார். ஒருமுறை அவர் உள்ளிருக்கும்போதே மாடு நிலைதவறிக் கவிழ்ந்தது. நான்கு கால்களும் வானை நோக்க அது கிடந்த கோலத்தைத் தம்பி செர்ரி படமெடுத்தார். பாடம் செய்யும் தொழில் அதுவரை செத்த விலங்கை உயிருள்ளது போல் நிறுத்தவே பயன்பட்டது. இங்கே அதே தொழில், உயிருள்ள பறவையை உயிரோடு விட்டு வைப்பதற்குத் துணையாயிற்று.

அட்லாண்டிக்குக்கு அப்பால், பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஷிராஸ், மிச்சிகன் மாநிலத்து ஏரிக்கரைகளில் தாம் இளமையில் கற்ற ஒரு வேட்டை முறையையே படமெடுக்கும் முறையாக மாற்றினார். இரவில் தோணியின் முனையில் விளக்கேற்றி ஓசையின்றித் துடுப்பிட்டுச் சென்றால், கரையில் நீரருந்தும் மான் அவ்வொளியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடும். செவ்விந்தியர்களிடமிருந்து வெள்ளையர் கற்ற தந்திரம் அது. கண்கள் இரண்டும் இருளில் ஒளிரும் அந்தக் கணத்தில் வேட்டைக்காரன் விசையை இழுப்பான். ஷிராஸும் விசையை இழுத்தார். வெடித்தது மக்னீஷியப் பொடி. கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் உருவம் தகட்டில் பதிய, மான் காட்டுக்குள் பாய்ந்து மறையும். தாம் கரையிலேயே இல்லாத வேளையிலும் படம் விழ வேண்டுமென்று, விலங்குகள் நடக்கும் தடத்தின் குறுக்கே நூலைக் கட்டி வைக்கவும் அவர் பழகினார்.

இப்படங்களில் 74-ஐ ‘நேஷனல் ஜியாகிரபிக்’ பத்திரிகை 1906-ஆம் ஆண்டு ஜூலை இதழில் வெளியிட்டது. பூகோள விஞ்ஞானத்துக்கென நடத்தும் பத்திரிகையைப் படப் புத்தகமாக்கிவிட்டார் ஆசிரியர் என்று மனம் கசந்து, அதை வெளியிட்ட சங்கத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து இருவர் விலகினார்கள். படமும் அறிவின் ஒரு வடிவமே என்பது கற்றவர்களுக்கே அப்போது விளங்கவில்லை. ஷிராஸோ அதற்கு முன்பே, அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராயிருந்த குறுகிய காலத்தில், வலசை போகும் பறவைகளை மத்திய அரசின் பாதுகாப்பில் கொண்டுவரும் மசோதாவைப் பிரேரேபித்திருந்தார்; 1918-இல் நிறைவேறிய வலசைப் பறவைச் சட்டத்துக்கு அது முன்னோடி. வேட்டையிலிருந்து விலகிய கை சட்டம் எழுதுவதிலும் முனைந்ததை இங்கே காண்கிறோம்.

படம் சட்டமாக மாறிய மற்றொரு கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிப்பதற்காக, வெண்கொக்குகளை அவை குஞ்சு பொரிக்கும் பருவத்தில் கொன்று முதுகிலுள்ள மெல்லிய இறகுகளைப் பிடுங்கும் வியாபாரம் அக்காலத்தில் செழித்திருந்தது. 1906-ஆம் ஆண்டில் ஆர்தர் மேட்டிங்லி என்பவர் நியூ சவுத் வேல்ஸில் ஒரு சதுப்பு நிலத்துக் கொக்குக் குடியிருப்புக்குச் சென்றபோது, தாய்ப் பறவைகள் சுடப்பட்டு நீரில் மிதக்க, மேலே கூடுகளில் குஞ்சுகள் பசியால் கழுத்து தளர்ந்து சாவதைக் கண்டார். பறந்து செல்லும் வேற்றுக் கொக்குகளையெல்லாம் தம் தாய் என்று எண்ணி அவை வாய் திறந்து கெஞ்சின. அவர் அதைப் படமெடுத்தார். பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அந்தப் படங்களைப் பிரசுரித்ததோடு நில்லாமல், 1911-இல் பெரிய அட்டைகளில் ஒட்டி ஆட்களின் மார்பிலும் முதுகிலும் மாட்டி லண்டன் கடைத்தெருக்களில் நடக்கவிட்டது. தடைச் சட்டம் வருவதற்கு 1921 வரை காத்திருக்க நேர்ந்தது உண்மை. ஆயினும், இறகு எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது என்று சொல்ல இயலாதபடி செய்தவை அந்தப் படங்களே.

இந்தியாவில் இக்கலைக்கு வித்திட்டவர் எப். டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தின் வன இலாகாவில் அதிகாரியாயிருந்த அவர், வேட்டையே துரைமார்களின் நித்திய பொழுதுபோக்காக இருந்த நாளில், விலங்கைக் கொல்ல மனமின்றிக் காமிராவை எடுத்துக்கொண்டார். சிவாலிக் மலையடிவாரத்தில் புலி நடமாடும் பாதையைத் தேர்ந்து, அதன் குறுக்கே தரைக்குச் சற்று மேலே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, இருபுறமும் காமிராவையும் மக்னீஷிய விளக்கையும் மறைத்து வைப்பார். இரவில் புலியின் கால் கம்பியில் பட்டதும் விளக்கு வெடித்துப் படம் பதியும். பனி, மழை, வழி தவறிய முள்ளம்பன்றி, கம்பியை மிதிக்காமல் தாண்டிச் செல்லும் புலி என்று எத்தனையோ இடையூறுகளைக் கடந்து கிடைத்த படங்களைக் கொண்டு, 1927-இல் ‘புலி நாட்டில் ஒரு காமிராவுடன்’ என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். படங்களை ஒப்பிட்டபோது, ஒரு புலியின் வரி மற்றொன்றின் வரியைப் போல் இருப்பதில்லை என்பதையும், வரியைக் கொண்டே புலியை இன்னது என்று அடையாளம் காணலாம் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

அவருடைய நண்பரான ஜிம் கார்பெட், தாம் துப்பாக்கியை விட்டுக் காமிராவை நாடியதற்குச் சாம்பியனின் படங்களே தூண்டுதல் என்று நன்றியுடன் எழுதியிருக்கிறார். இருவரும் ஆதரித்து நின்ற முயற்சியின் பயனாக 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஏற்பட்டது. பின்னாளில் அது கார்பெட்டின் பெயரையே பெற்றது. வரிகளைப் பற்றிய அந்தக் கவனிப்போ இன்னும் நெடுந்தூரம் சென்றது. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்து நாகரஹொளெ காட்டில் உல்லாஸ் கரந்த் என்ற விஞ்ஞானி தானியங்கிக் காமிராக்களை வைத்துப் புலிகளின் தொகையைக் கணிக்கும் முறையை நிலைநாட்டினார். 2018-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டு, ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம் படங்கள் சேர்ந்தன. ஒரு வன அதிகாரி தம் சொந்த ஆவலினால் பாதையின் குறுக்கே கட்டிய கம்பி, ஒரு தேசத்தின் கணக்குப் புத்தகமாக விரிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து இவ்வரலாற்றில் இடம்பெறுபவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வராக 1912-இல் திருநெல்வேலியில் பிறந்த அவர், 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடையறாது எழுதியதோடு, தமிழிலும் பறவைகளையும் விலங்குகளையும் குறித்து அழகிய கட்டுரைகள் வரைந்தார். அவர் காமிராவோ கடையில் வாங்கியதன்று. வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்டது. அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் இட்டிருந்தார். வளர்ப்பு யானையின் முதுகில் ஏறிக் காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் நெருங்கி, வண்ணத்தை விரும்பாமல் கறுப்பு வெள்ளையிலேயே அவர் எடுத்த படங்களில், விலங்கு இருக்கும் இடமும் செய்யும் செயலும் எப்போதும் தெளிவாயிருக்கும். தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி நேரு ஞாபகார்த்த உதவித்தொகையில் அவர் நடத்திய ஆராய்ச்சி, 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. படம் கவனிப்பின் விளைவாக இருக்க வேண்டுமேயொழிய கவனிப்புக்குப் பதிலாக இருக்கலாகாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தில் இத்தலைமுறையின் பெரிய பெயர் எரிக் ஹாஸ்கிங். 1937-இல் வேல்ஸில் இரவுநேரத்தில் ஒரு காட்டு ஆந்தையின் கூட்டருகே தம் மறைவிடத்துக்குச் சென்றபோது, அந்த ஆந்தை பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தும், எஞ்சிய கண்ணோடு அரை நூற்றாண்டுக்கு மேல் பறவைகளையே படமெடுத்தார் அவர். மின்னொளி விளக்கைப் பறவைகளிடம் முதன்முதலில் பயன்படுத்தியவர்களில் அவர் ஒருவர். மக்னீஷிய வெடியின் புகையும் ஓசையும் இல்லாத அவ்வொளி, பறக்கும் சிறகை வானத்திலேயே நிறுத்திவைத்துக் காட்டியது. இத்தகையோரால் நாட்டில் ஆர்வம் பெருகியிருந்த சூழ்நிலையில், 1965-இல் ‘அனிமல்ஸ்’ என்ற பத்திரிகை ஒரு போட்டியை நடத்தியது. சில நூறு படங்களே வந்தன. ஓர் ஆந்தையின் படத்துக்காக டவ்டெஸ்வெல் என்பவர் முதற் பரிசு பெற, டேவிட் அட்டன்பரோ அதை வழங்கினார். 1984-இல் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை இப்போட்டியில் பங்கேற்றதோடு அது இன்றைய வடிவத்தை அடைந்தது. இப்போது ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து 60,000 படங்கள் அளவில் வருகின்றன. எடுத்தவர் பெயரை அறியாமலே நடுவர்கள் அவற்றைச் சீர்தூக்குகிறார்கள்.

இருண்ட கூடத்தில் ஒளிரும் பலகைகளின் முன் இந்த வரலாற்றோடு நிற்கும்போது, பழைய கைகள் புதிய படங்களுக்குள்ளே இயங்குவதைக் காண்கிறோம். 2020-ஆம் ஆண்டின் முதற் பரிசு, ரஷ்யாவின் கீழ்த்திசைக் காட்டில் செர்கேய் கோர்ஷ்கோவ் எடுத்த ஒரு பெண் புலியின் படத்துக்குக் கிடைத்தது. முதிர்ந்த தேவதாரு இன மரம் ஒன்றைப் பின்கால்களில் எழுந்து நின்று முன்கால்களால் தழுவி, தன் கன்னத்தை மரப்பட்டையில் அழுத்தித் தேய்க்கிறது புலி. சாய்ந்த வெயில் காட்டின் ஊடே புகுந்து அதன் உடலிலும் பாசியிலும் ஒரே பொன்னிறத்தைப் பூசுகிறது. தன் வாசனையை மரத்தில் விட்டு, இந்த எல்லை தனது என்று பிற புலிகளுக்கு அறிவிக்கும் செயல் அது. கோர்ஷ்கோவ் அங்கே இல்லை. புலியின் தடத்தையும் மரத்திலிருந்த ரோமத்தையும் ஆராய்ந்து, அசைவை உணரும் காமிராவை மரத்துக்கு எதிரே பொருத்திவிட்டுச் சென்றார். படம் கிடைக்கப் பத்து மாதங்களுக்கு மேலாயிற்று. மனிதன் அருகில் இருந்தால் நிகழாத ஒன்று, மனிதன் விலகியதனால் நிகழ்ந்தது. சாம்பியனின் கம்பி இங்கே கண்ணுக்குத் தெரியாத கதிராக மாறியிருக்கிறதே தவிர, முறை அதுவேதான்.

2016-இல் நகர வாழ்வுப் பிரிவில் பரிசு பெற்ற நயன் கானோல்கரின் படத்தில், பம்பாயின் ஆரே பகுதியில் வார்லி மக்களின் வீடுகளுக்கிடையே, மங்கிய விளக்கொளி விழும் சந்தில் ஒரு சிறுத்தை நடந்துவருகிறது. 2023-இல், நம் ஆனைமலைக் காட்டின் மின்மினிகளை ஸ்ரீராம் முரளி 16 நிமிஷ நேரம் தொடர்ந்து எடுத்த 50 பதிவுகளை ஒன்றிணைத்துக் காட்டிய படம், முதுகெலும்பற்ற உயிர்களின் பிரிவில் பரிசு பெற்றது. இருண்ட மரங்களுக்கிடையே பச்சை மஞ்சள் ஒளித்துளிகள் நிறைந்த அப்படத்தின் முன் நிற்கும் தமிழருக்கு ஒரு தனி நெகிழ்ச்சி உண்டாவது இயல்பு. அழகை மட்டுமே இக்கண்காட்சி தேடுவதில்லை. 2017-இன் முதற் பரிசு, தென் ஆப்பிரிக்கக் காப்புக்காட்டில் கொம்புகள் அறுக்கப்பட்டுக் கிடந்த ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தின் உடலைப் பிரென்ட் ஸ்டர்டன் எடுத்த படத்துக்கு வழங்கப்பட்டது. மேட்டிங்லியின் கொக்குக் குஞ்சுகளுக்கு நேர் வாரிசு அந்தப் படம்.

இத்தனை பெருமைக்கும் ஆதாரமாயிருப்பது ஒன்றே, அது உண்மை. 2009-இல் முதற் பரிசு பெற்ற படம், இரவில் ஒரு வேலிக் கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயைக் காட்டியது. அந்த ஓநாய் காட்டில் வாழ்வதன்று, பழக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் நடுவர்கள் முடிவு செய்ததால், சில மாதங்களிலேயே அப்பரிசு திரும்பப் பெறப்பட்டது. படம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் பின்பும் இருந்தது. அதன் ஒளியும் அமைப்பும் குறையவில்லை. இருந்தும் அதற்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. இந்தக் கண்டிப்பு காட்சிசாலையின் பழைய மரபிலிருந்தே வந்தது என்று நான் கருதுகிறேன். ஒரு பறவைத் தோலின் காலில் கட்டிய சிறு சீட்டில், எங்கே, எப்போது, யாரால் கிடைத்தது என்ற குறிப்பு இருந்தால்தான் அந்தத் தோலுக்கு மதிப்பு. சீட்டு பொய்யானால் தோல் வெறும் தோல். படத்தின் கீழுள்ள குறிப்பும் அத்தகைய சீட்டே. மூலப் பதிவைக் கேட்டு வாங்கிப் பரிசோதிப்பதும், உயிருள்ள இரையைக் கட்டி வைத்து விலங்கை வரவழைப்பதை விதியால் தடுப்பதும், அந்தச் சீட்டு மெய்யானது என்று உறுதி செய்வதற்காகவே.

காமிரா தன்னளவில் குற்றமற்ற கருவி என்று இருந்துவிடவும் முடியாது. கூட்டை மறைக்கும் இலைகளைக் கிள்ளி எறிந்து படமெடுத்தால் குஞ்சுக்கு வெயிலும் பருந்தும் எமனாகும். நெருங்கித் துரத்தினால் விலங்கு இரையையும் குட்டியையும் விட்டு ஓடும். அதனால்தான் பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், அபூர்வமான பறவைகளைக் கூட்டருகே தொந்தரவு செய்து படமெடுக்க விரும்புவோர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று விதித்தது. புகைப்படம் மாதிரிச் சேகரத்தை முற்றிலும் அகற்றிவிட்டது என்று சொல்வதும் பொருந்தாது. புதிய இனத்தைப் பெயரிடவும், உடலமைப்பை ஆராயவும் இன்றும் மாதிரிகள் தேவைப்படுகின்றன. மாறியிருப்பது பெருமையின் இடம். முன்பு கொண்டுவந்தவருக்குச் சிலை வைத்தார்கள். இன்று விட்டுவந்தவருக்குப் பரிசு அளிக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு, உலர் தகடு முதல் தானியங்கிக் காமிரா வரை வந்த கருவிகள் வழி செய்தனவே ஒழிய, அவை காரணமல்ல. மாட்டுத் தோலுக்குள் குனிந்து நின்றவரும், தோணியில் துப்பாக்கியைக் கீழே வைத்தவரும், இரவில் கம்பி கட்டியவருமே காரணம்.

ஆகவே இக்கண்காட்சிக்குச் செல்லும் வாய்ப்பைப் பெற்றவர்கள், அது தென் கென்சிங்டனிலாயினும் உலகெங்கும் சுற்றிவரும் அதன் பிரதிகள் தங்கும் வேறெந்த நகரிலாயினும், படத்தின் வனப்பில் மயங்கி அடுத்த பலகைக்குச் சென்றுவிடாமல், அதன் கீழுள்ள குறிப்பை நிதானமாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்வேன். எந்தக் காடு, எந்தப் பருவம், அந்த உயிர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது, எடுத்தவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பவை அனைத்தும் அதில் உண்டு. குவாகாவைக் கொன்று தீர்த்தவர்கள், அது தீர்ந்துபோகும் என்று அறிந்திருக்கவில்லை. இறகு சூடியவர்கள் குஞ்சுகளின் பசியைக் கண்டிருக்கவில்லை. அப்படிச் சொல்லித் தப்பும் உரிமையை இந்தப் படங்கள் நம்மிடமிருந்து எடுத்துவிட்டன. பார்த்துவிட்டோம் என்பதே ஒரு பொறுப்பு; ஒரு காட்டுக்கு ஆபத்து வரும்போது அதற்காகப் பேச வேண்டியவர்களின் பட்டியலில், அக்காட்டின் ஒரு படத்தைக் கண்டு மகிழ்ந்த ஒவ்வொருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.